முதலில் ஓடைக்கு இறங்குங்கள்: பீச்வொர்த் போகிறவர்களுக்கு

மெல்பர்னிலிருந்து பீச்வொர்த் என்ற பழைய ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க ஊருக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேக்கரி என்பார்கள், அப்புறம் ஒயின். "ஊர் அழகாத்தான் இருக்கு, ஆனா அரை நாள்ல முடிஞ்சிடுச்சு" என்று சேர்த்துக்கொள்வார்கள்.

முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். காலை பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, வழியில் இரண்டு இடங்களில் காபிக்கு நிறுத்தி, ஊருக்குள் நுழையும்போது மணி மூன்றரை. அருங்காட்சியகத்தில் இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடப்போகிறோம் என்றார்கள். தேடிப்போன ஒயின் தோட்டத்தின் கேட்டில் 'முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது. நாலு பன்னும் ஒரு பாட்டில் தேனும் வாங்கிக்கொண்டு, இருட்டில் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்ததுதான் மிச்சம்.

அதன் பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப் போய், ஐந்தாறு தடவை ஆகிவிட்டது. அதில் புரிந்துகொண்டது ஒன்றுதான்: இந்த ஊரைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஓடை, தெரு, கல்லறை, கடைசியாக ஒயின். இந்த வரிசையில் போனால் ஒவ்வொன்றும் அடுத்ததை விளக்கிவிடும். மாற்றிப் போட்டால் வெறும் பழைய கட்டடங்கள்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முன்

பீச்வொர்த் விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கில், மெல்பர்னிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டரில் இருக்கிறது. ஹியூம் நெடுஞ்சாலையில் வாங்கரட்டா வரை போய், அங்கே வலப்பக்கம் பிரிந்து மலையேற வேண்டும். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம். கார் இல்லாதவர்கள் சதர்ன் கிராஸ் நிலையத்தில் ஆல்பரி ரயிலைப் பிடித்து, வாங்கரட்டாவில் இறங்கிப் பேருந்துக்கு மாறலாம். ஒவ்வொரு ரயிலுக்கும் இணைப்புப் பேருந்து இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். இரண்டின் நேரத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். ரயிலில் வந்தால் ஊரை நடந்தே பார்த்துவிடலாம். ஒயின் தோட்டங்கள்தான் கைக்கு எட்டாது.

ஒரு ராத்திரி தங்குங்கள். இதில் பேரம் வேண்டாம். நாட்களில் வெள்ளி, சனி நல்லது. வாரத் தொடக்கத்தில் பல ஒயின் தோட்டங்களும் சில உணவகங்களும் திறப்பதில்லை. பருவங்களில் ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும் எனக்குப் பிடித்தவை. அப்போது தெருவோரத்து ஐரோப்பிய மரங்கள் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். ஆனால் எனக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடிக்கும், அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். ஈஸ்டரும் அப்படித்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உறைபனி விழும் குளிர். கம்பளிக் குல்லாயோடு வந்தால் கூட்டம் இல்லாத ஊர் கிடைக்கும். கோடையில் காட்டுத்தீ அபாயம் உண்டு. 2009 பிப்ரவரியில் இந்தப் பக்கத்து மலைகளும் எரிந்தன. டிசம்பர் முதல் மார்ச் வரை போவதானால் விக்எமர்ஜென்சி செயலியைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் காட்டுப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் ஓடை

ஊருக்குள் வந்ததும் பிரதானத் தெருவில் வண்டியை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். நேராக கார்ஜ் சாலைக்கு விடுங்கள். ஊரின் விளிம்பைச் சுற்றி, ஸ்பிரிங் கிரீக் என்ற ஓடையை ஒட்டிப் போகும் சுமார் ஐந்து கிலோமீட்டர் ஒருவழிப் பாதை அது.

தங்கச் சுரங்கம் என்றதும் நம் மனதில் வருவது கோலார் தங்கவயல்: பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் இறங்கும் குழி, லிஃப்ட், சைரன். அந்தப் படத்தை அழித்துவிட்டு வாருங்கள். இங்கே தங்கம் கிடைத்தது ஓடை மணலில். மலைப்பாறை காலங்காலமாக அரிந்து, அதிலிருந்த பொன் துகள் தண்ணீரோடு உருண்டு வந்து, எடை கூடியதால் ஓடையின் அடியில் தங்கியது. டேவிட் ரீட் என்பவரின் மேய்ச்சல் நிலத்தில் 1852இல் அது கண்ணில் பட்டது. அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடாரத்தோடு வந்து இறங்கினார்கள். அப்போது இந்த இடத்துக்கு மே டே ஹில்ஸ் என்று பெயர். தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பொற்கொல்லர் தெருச் சாக்கடை மண்ணை அரித்துப் பொன்பொடி எடுப்பவர்களைப் பார்த்திருந்தால், அதே வேலைதான். தட்டில் மண்ணை அள்ளி, தண்ணீரில் சுழற்றி, லேசானதை வெளியே வடித்து, கனமானதை அடியில் நிறுத்துவது.

என் மாமா மதுரையிலிருந்து வந்தபோது ஓடை விழும் அருவிக்கு மேலே நின்று ஓடையைப் பார்த்துவிட்டு, "இதுல எங்கடா தங்கம்?" என்று கேட்டார். சரியான கேள்வி. பார்க்க வேண்டியது தங்கத்தை அல்ல, அதைத் தேடியவர்கள் பாறையில் விட்டுப்போன தடத்தை. தட்டில் அரித்தது முதல் சில மாதங்கள்தான். மேல்மண் தீர்ந்ததும் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து கரையையே அறுத்தார்கள். கருங்கல்லில் நேர்கோடாக ஒரு பள்ளம் தெரிந்தால் இயற்கை வெட்டியதல்ல, உளி வெட்டியது. மரங்களுக்கு நடுவே உருண்டைக் கற்கள் குவியல் குவியலாகக் கிடந்தால், அவை அலசித் தூக்கி எறிந்தவை. இதை ஒருமுறை கண் பழகிக்கொண்டால் போதும், சாலையோரமெங்கும் தெரியத் தொடங்கும்.

அதே பாதையில் 1859இல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கு வருகிறது. சுரங்கத்துக்கு வேண்டிய வெடிமருந்தை ஊருக்குள் வைத்தால் ஆபத்து என்று ஒதுக்குப்புறமாகக் கட்டிய தடித்த கல் அறை. ஐந்து நிமிடம் போதும்.

நேரம் இருந்தால், ஊரிலிருந்து சில்டர்ன் போகும் சாலையில் சில நிமிடம் ஓட்டி வூல்ஷெட் அருவிக்கும் போய்விடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் கொட்டும். பிப்ரவரியில் போனால் பாறைதான். அருவிக்குக் கீழே நீளும் பள்ளத்தாக்கில்தான் பெரும் பணம் புரண்டது. 1855இல் சட்டமன்றத் தேர்தலுக்கு நின்ற டேனியல் கேமரன் என்பவரைச் சுரங்கக்காரர்கள் தங்க லாடம் அடித்த குதிரையில் ஏற்றி பீச்வொர்த்துக்கு ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். ஈஸ்டர் வாரத்தில் நடக்கும் தங்க லாடத் திருவிழா அதன் நினைவாகத்தான். பாறைகள் வழுக்கும், செருப்போடு இறங்காதீர்கள்.

நாமும் அரித்துப் பார்க்கலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு 'மைனர்ஸ் ரைட்' என்று பெயர். இணையத்திலேயே வாங்கலாம், கட்டணம் பெரிதில்லை, பத்து ஆண்டு செல்லும். கைக்கருவிகள் மட்டுமே பயன்படுத்தலாம். சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி சில்டர்ன்–மவுண்ட் பைலட் தேசியப் பூங்கா என்பதால், அனுமதித்த பகுதி எது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுக்க வேண்டும். இந்தச் சீட்டுக்கே ஒரு வரலாறு உண்டு. முதலில் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் கட்டணம் வாங்கினார்கள். அந்த ஆத்திரம் 1854இல் பல்லராட் தங்கவயலில் யுரேகா கிளர்ச்சியாக வெடித்தது. மறு ஆண்டே அதை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு பவுண்டுக்கு இந்தச் சீட்டைக் கொடுத்தார்கள். இது கையில் இருந்தால் ஓட்டுரிமையும் உண்டு. தங்கம் கிடைக்குமா என்றால், மாமாவுக்குக் கிடைக்கவில்லை. வூல்ஷெட் பள்ளத்தாக்கின் மணலில் சிர்க்கான், நீலக்கல் போன்றவையும் பொடிப்பொடியாகக் கிடைப்பதுண்டு என்பதால் கறுப்பு மணலை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்.

பிறகு தெரு

ஓடையைப் பார்த்துவிட்டு ஃபோர்டு தெருவுக்கு வந்தால், தேன்நிறக் கருங்கல்லில் வரிசையாக நிற்கும் அரசுக் கட்டடங்கள் ஏன் இத்தனை கனமாக இருக்கின்றன என்று கேட்க வேண்டியிருக்காது. கூடாரங்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள், கையில் தங்கம், பக்கத்தில் சாராயம். அரசாங்கம் அவசரமாகத் தன் இருப்பைக் காட்ட வேண்டியிருந்தது. நீதிமன்றம் 1858, தந்தி நிலையம் 1858, பொன்னைப் பூட்டிவைத்து மெல்பர்னுக்குக் காவலோடு அனுப்பிய கருவூலக் கிளை, பின்னால் சிறை. எல்லாம் சில ஆண்டுகளுக்குள் எழுந்தவை.

நேரம் குறைவென்றால் நீதிமன்றத்தை மட்டும் பாருங்கள். 1989 வரை வழக்கு நடந்த இடம், உள்ளே பழைய மர இருக்கைகள் அப்படியே இருக்கின்றன. 1878 அக்டோபரில் எல்லன் கெல்லி என்ற பெண்ணுக்கு இங்கே நீதிபதி ரெட்மண்ட் பாரி மூன்றாண்டு சிறை விதித்தார். அவருடைய மகன்தான் நெட் கெல்லி. ஆஸ்திரேலியர்களில் பாதிப் பேர் வீரன் என்றும் மீதிப் பேர் போலீஸைக் கொன்ற கொள்ளைக்காரன் என்றும் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொள்ளும் ஆள். 1880 ஜூனில் இரும்புக் கவசத்தோடு கிளென்ரோவனில் பிடிபட்டபின், ஆகஸ்டில் முதற்கட்ட விசாரணைக்கு அவனை இங்கேதான் நிறுத்தினார்கள். இந்தப் பகுதியில் அவனுக்கு ஆதரவாளர்கள் அதிகம் என்பதால் வழக்கை மெல்பர்னுக்கு மாற்றினார்கள். அங்கே தூக்குத் தண்டனை விதித்தவரும் அதே பாரி. நவம்பர் 11 அன்று தூக்கு. பன்னிரண்டே நாளில் பாரியும் இறந்துபோனார். கெல்லியைப் பற்றி உள்ளூர்க்காரர்களிடம் வாயைக் கொடுக்காதீர்கள், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

லோக் தெருவில் இருக்கும் பர்க் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். ராபர்ட் ஓஹாரா பர்க் 1854 முதல் 1858 வரை இங்கே காவல் கண்காணிப்பாளர். பிறகு கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் பயணத்துக்குத் தலைமையேற்றுப் போய், 1861இல் திரும்பும் வழியில் கூப்பர் கிரீக்கில் பட்டினியில் செத்தார். உள்ளே பழைய கடைத்தெரு ஒன்றை அப்படியே நிறுவி வைத்திருக்கிறார்கள். பதப்படுத்திய விலங்குகளுக்கு நடுவே தைலசீன் என்ற டாஸ்மேனியப் புலியைத் தேடிப் பாருங்கள். முதுகில் வரியுள்ள, இன்று உலகிலேயே இல்லாத விலங்கு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு உதவும்.

சாயங்காலம் கல்லறைக்கு

கல்லறைக்குச் சுற்றுலாவா என்று என் மனைவியின் அத்தை காரை விட்டே இறங்கவில்லை. பிறகு வருத்தப்பட்டார். ஊரின் வடக்குப் பக்கம் இருக்கும் பொதுக் கல்லறையில் ஒரு பகுதி சீனர்களுடையது. ஒரு பலிபீடம், அதன் இருபுறமும் வெள்ளைக் கோபுரங்கள் இரண்டு. இறந்தவர்களுக்காகக் காகிதக் காணிக்கைகளை எரிக்கும் அடுப்புக் கோபுரங்கள் அவை, 1857இல் கட்டப்பட்டவை. எதிரே வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள், சீன எழுத்தோடு.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் விக்டோரியா அரசு கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்துப் பவுண்டு தலைவரி போட்டிருந்தது. அந்தப் பணத்தைக் கட்ட முடியாதவர்கள் பக்கத்துக் காலனியான தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து தங்கவயல்களுக்கு வந்தார்கள். மற்றவர்கள் கைவிட்ட மண்ணை மறுபடி அரித்தார்கள். 1857 ஜூலை 4 அன்று, பீச்வொர்த்துக்குத் தெற்கே பக்லாண்ட் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்கள் கூட்டம் கூடி, அங்கிருந்த சுமார் இரண்டாயிரம் சீனர்களை அடித்து விரட்டினார்கள். கூடாரங்களைக் கொளுத்தினார்கள், கோயிலையும் விடவில்லை. குளிர்கால ஓடையைக் கடந்து ஓடியவர்களில் உயிரிழந்தவர்களும் உண்டு. ஒழுங்கை நிலைநாட்ட பீச்வொர்த்திலிருந்து போலீஸோடு போனவர் காலையில் அருங்காட்சியகத்தில் பார்த்த அதே பர்க். அப்படிப்பட்ட ஆண்டில் கட்டிய கோபுரங்கள் இவை.

கெல்லி கூட்டத்தில் ஒருவனான ஜோ பைர்ன் வூல்ஷெட் பள்ளத்தாக்கில் சீனர்களோடு பழகி வளர்ந்தவன், கான்டனீஸ் பேசுவான். பாடப்புத்தகக் கதைகளில் இப்படிப்பட்ட உறவுகள் வருவதில்லை.

கற்களின் மேல் சாயாதீர்கள். ஊதுவத்தியோ பழமோ வைத்திருந்தால் தொடாதீர்கள். இப்போதும் வந்து கும்பிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஒயின்

இங்கே ஒயின் தங்கத்துக்குப் பின்னால் வந்தது. தாகம் எடுத்த சுரங்கக்காரர்களுக்காக அந்தக் காலத்திலேயே கொடி நட்டார்கள். தங்கம் குறைந்ததும் அதுவும் மங்கியது. வடகிழக்கு விக்டோரியாவின் கொடிகளுக்கு ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சியும் எமனாக வந்தது. மறுபிறப்பு 1970களின் கடைசியில்தான். 1982இல் ரிக் கின்ஸ்பிரன்னர் கியகோண்டா தோட்டத்தைத் தொடங்கினார். அதன் ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் பெயர்பெற்ற பிறகே பீச்வொர்த் என்ற பெயர் ஒயின் பட்டியல்களில் ஏறியது. ஜூலியன் கஸ்டான்யாவின் சிரா, சோரன்பெர்க் தோட்டத்தின் கமே ஆகிய சிவப்பு ஒயின்களும் விரும்பித் தேடப்படுபவை. எல்லாம் சின்னத் தோட்டங்கள். ஓடையில் பார்த்த அதே கருங்கல் மக்கிய மண்ணும், சில சரிவுகளில் களிக்கல் மண்ணும், உயரத்தின் குளிரும் சேர்ந்து கொடுக்கும் சுவை இது என்பார்கள். பென்னிவெயிட் என்ற பெயரிலேயே ஒரு ஒயின் தோட்டம் இருக்கிறது. பென்னிவெயிட் என்பது பொன் நிறுக்கும் பழைய ஆங்கில அளவு, ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். நம் கணக்கில் ஒரு சவரனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

ஒயின் தோட்டத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்குத் தயக்கம் இருக்கும். நடப்பது இவ்வளவுதான்: முதலிலேயே தொலைபேசியில் பேசியோ இணையத்திலோ நேரம் பதிவு செய்யுங்கள். மிகச் சின்னத் தோட்டங்கள் முன்பதிவு இல்லாமல் கதவைத் திறப்பதில்லை, செய்பவரே ஊற்றித் தருபவராகவும் இருப்பார். சுவைக்கக் கட்டணம் உண்டு. பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். வெள்ளையில் தொடங்கி சிவப்புக்குப் போவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய். மேசையில் இருக்கும் குவளை மீதியைக் கொட்டவும் துப்பவும்தான். அங்கே துப்புவது மரியாதைக் குறைவு அல்ல, ஓட்டுநருக்கு அதுவே தர்மம். எந்தத் திராட்சையும் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள்; அதற்குப் பிறகுதான் நல்ல பேச்சு தொடங்கும். குடிக்காதவர்களும் கூடப் போகலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். நான்காவதில் எல்லாம் ஒரே ருசிதான்.

கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நான் சொன்ன வேர்ப்பூச்சி இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது. செருப்பில் ஒட்டிய மண்ணிலேயே அடுத்த தோட்டத்துக்குப் பயணம் செய்துவிடும். வரிசைக்குள் இறங்காதீர்கள், பழம் பறிக்காதீர்கள், கொடியின் குச்சியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

வண்டி ஓட்டுபவரை காலையிலேயே முடிவு செய்யுங்கள். விக்டோரியாவில் முழு உரிமம் உள்ளவருக்கு ரத்தத்தில் மதுவின் அளவு 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். எல் பலகையோ (பழகுநர்) பி பலகையோ (புதிதாக உரிமம் பெற்றவர்) உள்ளவருக்குப் பூஜ்யம், ஒரு வாய்கூடக் கூடாது. புதிதாகக் குடியேறி உரிமம் வாங்கிய நம்மவர்கள் பலர் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறார்கள்.

சாப்பாடு பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பேக்கரிக்குப் போங்கள், கூட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. மதியம் பன்னிரண்டுக்கு முன் போனால் வரிசை குறையும். சைவத்துக்கு வழி உண்டு. தயிர்சாதம் இல்லாமல் தூக்கம் வராதவர்கள் சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அடுப்பு எரியும் இடங்கள் குறைவு.

மறுநாள்

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் காலையில் ரயில் பாதையைப் பிடியுங்கள். பீச்வொர்த்துக்கு வந்த ரயில் 1976இல் நின்றுபோனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, 'மரே டு மவுண்டன்ஸ்' என்ற சைக்கிள் பாதையின் ஒரு பகுதி ஆக்கிவிட்டார்கள். பீச்வொர்த்திலிருந்து எவர்டன் வரை 16 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுவதும் இறக்கம். மேலேறித் திரும்ப வேண்டாம் என்றால் கீழே காரோடு ஒருவரை நிறுத்திவையுங்கள். 1867 முதல் 1995 வரை இயங்கிய பழைய மனநல விடுதியில் ராத்திரிப் பேய்ச் சுற்றுலா நடத்துகிறார்கள். நான் போனதில்லை. அங்கே வாழ்ந்து முடித்தவர்களை வைத்துப் பயம் காட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை; கட்டடத்தைப் பகலில் வெளியிலிருந்து பார்த்தாலே மனம் கனக்கும்.

திரும்பும்போது வந்த வழியே போகாமல், வடக்கே சில்டர்ன் வழியாக ஹியூம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். நடுவே பிரியும் மண் சாலையில் யெட்டொன்பா என்ற இடம் வரும். துதுரோவா என்ற பூர்வகுடி மக்களுக்கு உரிய இடம். சின்ன நடைபாதையில் பாறைகளுக்கு இடையே ஏறினால், ஒரு பாறைச் சுவரில் காவி நிறத்தில் மங்கிய ஓவியங்கள் தெரியும். அதில் ஒன்று வரி போட்ட விலங்கு. நேற்று கண்ணாடிக்குள் பார்த்தீர்களே, அதே தைலசீன். ஓடையில் தங்கம் கிடப்பது யாருக்கும் பெரிதாகப் படாத காலத்தில் வரைந்தது. வரிசைப்படி இதுதான் முதல் இடம். சாலை போகும் போக்கில் கடைசியாக வருகிறது.

பாறையைத் தொடாமல் பாருங்கள். கண் பழக ஒரு நிமிடம் ஆகும். பொழுது சாயும் முன் நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள், அந்த நேரத்தில்தான் கங்காருக்கள் சாலையைக் கடக்கும்.